ஜப்லா நாட்கள்

ஜூன் 3
மகளின் குழந்தை 1,380 கிராம். நேற்றைவிட 20 குறைவு. முதல் வாரத்தில் இறங்கத்தான் செய்யும் என்கிறார் சிஸ்டர். சரி.

ஜூன் 4
குழந்தை இருக்கும் வார்டுக்குள் ஒருவரைத்தான் விடுகிறார்கள். மகள் இருக்கட்டும். வீட்டுக்கு வந்து, குழந்தைக்கு ஜப்லா தைக்க வீட்டுக்காரரின் பழைய மல் வேட்டியைக் கிழித்து, கெட்டியாகக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்தேன். ஓரத்தில் அழகுக்குத் துளை துளையாகத் தைக்க வேண்டும். துணி விறைப்பாக இருந்தால்தான் துளை நிற்கும். பாலியெஸ்டர் கலந்தது என்றால் எவ்வளவு கஞ்சி போட்டாலும் இழைகள் பழைய இடத்துக்கே ஓடிவந்துவிடும்.

ஜூன் 6
இறகு ஊசி, 120-ம் நம்பர். இரண்டு பக்கமும் தகடு வைத்தது. துணியை வெட்டாது, இழைகளை ஒதுக்கி வழி பண்ணும். அதே துளையில் மறுபடி மறுபடி இறங்கும்போது நூல் அந்த இழைகளைக் கட்டிப்போடும். ஊசிக்கு அடியில் அகலத் துளை உள்ள ஜிக்ஜாக் பிளேட்டைத்தான் மாட்ட வேண்டும், ஒற்றைத் துளை பிளேட்டில் இடித்து உடைந்துவிடும். தையல் அகலத்தையும் குறைத்து, முதலில் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தேன். மேல் நூலைக் கொஞ்சம் இறுக்கினால் துளை இன்னும் விரிகிறது. மெல்லிய காட்டன் நூல், துணியின் நிறத்திலேயே. கண்ணுக்குத் துளைதான் தெரிய வேண்டும், நூல் இல்லை.

ஜூன் 7
மாப்பிள்ளை போன் எடுக்கவில்லை.

இரவு: சார்ஜ் இல்லையாம்!

ஜூன் 9
தூக்கம் இல்லை. ஜப்லாவின் உள்பக்கம் ஒரு நூல் நுனி தொங்கினால்? பிஞ்சு விரலில் சுற்றிக்கொண்டால் ரத்த ஓட்டமே நின்றுவிடும். கையுறை, காலுறைக்குள்தான் அதிகம் நடக்குமாம். அந்த விரல் தீக்குச்சி கனம்தான் இருக்கும். எழுந்து லைட்டைப் போட்டு, உள்பக்கம் முழுக்கத் தடவிப் பார்த்து நுனிகளை ஒட்ட வெட்டினேன். கைப்பகுதிக்கு இந்தத் தையலே வேண்டாம், கீழ் ஓரத்துக்கு மட்டும் போதும். அப்புறம் மறுபடி தடவிப் பார்த்தேன்.

ஜூன் 10
பிறக்குமுன் துணி எடுத்துவைக்காதது நல்லதாகப் போயிற்று என்றார் சம்பந்தியம்மா. முதலில் போடுவது பழந்துணியாக இருக்க வேண்டுமாம். வேட்டி என்றேன். அதற்கும் ஒரு ம்.

ஜூன் 12
1,410!! பால் 2 மில்லி கூட்டியிருக்கிறார்கள்.

ஜூன் 14
மிச்சத் துண்டில் விளையாடினேன். துளை வரிசையின் நடுவே கத்தரித்தால் இரண்டு பக்கமும் பல் பல்லாக ஓரம் நிற்கிறது, அதுதான் அசல் பிக்கோ. அந்தக் காலத்தில் சிங்கர் 72டபிள்யூ19 என்று இதற்கென்றே ஒரு மிஷின், துளை குத்தத் தனிக் குத்தூசியோடு. இன்று கடையில் சேலைக்குப் பிக்கோ என்று அடித்துத் தருவது பெரும்பாலும் வெறும் ஜிக்ஜாக்.

ஜூன் 15
நாளை 11 மணிக்கு டாக்டர் பேச வேண்டுமாம். எதற்கு என்று சொல்லவில்லை. மகளின் ஸ்கேன் ஃபைலை எடுத்துவரச் சொன்னார்கள். பீரோவில் இல்லை.