புஷ்கரத்தில் சந்தையும் தீர்த்தமும்

அப்பாவுக்கு ராஜஸ்தானில் இருக்கும் புஷ்கரம் என்றால் மாட்டுச் சந்தை மாதிரி பெரிய ஒட்டகச் சந்தை. அம்மாவுக்கு அது தீர்த்தம். பெருமாள் தானாகவே எழுந்தருளிய எட்டு ஸ்வயம்வ்யக்த க்ஷேத்திரங்களில் ஸ்ரீரங்கம், திருப்பதி, ஸ்ரீமுஷ்ணம், வானமாமலையோடு புஷ்கரமும் ஒன்று. அந்த எட்டில் இன்னொன்றான நைமிசாரண்யத்தில் வனமே பெருமாள், இங்கே தண்ணீரே பெருமாள்.

வட இந்தியக் கார்த்திக மாதத்தில் ஏகாதசி முதல் பௌர்ணமி வரை ஐந்து நாளும் ஸ்நானத்துக்கு விசேஷம். ஆனால் கால்நடை வியாபாரம் பெரும்பாலும் அதற்கு முன்பே முடிந்துவிடும். சரி, இருவர் ஆசையும் நிறைவேறட்டும் என்று ஏகாதசிக்கு மூன்று நாள் முன்னதாகவே அஜ்மீரில் இறங்கிவிட்டோம். அங்கிருந்து நாக் பகாட் மலையைத் தாண்டினால் புஷ்கரம்.

விடியும் முன்பே அப்பா மணல்மேட்டுக்குக் கிளம்பிவிட்டார். பின்னாலேயே போனேன். குளிர். சாணப் புகை. ஒட்டகங்கள் தொண்டைக்குள் குமிழி விடுவது போல ஒரு சத்தம். முன்னங்காலை மடக்கிக் கட்டி உட்கார வைத்திருந்தார்கள். பக்கத்தில் போய்ப் பார்த்தால் இமையில் இரண்டு வரிசை மயிர், அதில் ஒட்டிய மணல். காற்று அடித்தபோது ஒன்று மூக்குத் துவாரத்தை இறுக்கி மூடிக்கொண்டது. சிலவற்றின் முதுகில் மயிரைக் கத்தரித்தே பூவும் கொடியும் வரைந்திருந்தார்கள்.

சிவப்புத் தலைப்பாகை கட்டிய ராய்காப் பெரியவர் ஒருவர் எங்களை உட்கார வைத்து டீ கொடுத்தார். ஒட்டகம் மேய்ப்பதே ராய்காக்களின் குலத்தொழில். பார்வதி மண்ணில் பிடித்த பொம்மைக்குச் சிவன் உயிர் கொடுத்தாராம், அதுதான் ஒட்டகமாம். அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று முதல் ராய்காவையும் அவரே படைத்தாராம். என் அரைகுறை இந்தியில் கேட்டு அப்பாவுக்குச் சொன்னேன். “அப்ப இவங்க சாமி வெச்ச ஆளுங்கப்பா” என்றார் அப்பா. மாட்டைப் போலவே ஒட்டகத்துக்கும் பல் பார்த்துத்தான் வயது சொல்கிறார்கள். அதைப் பார்த்ததும் அப்பாவுக்கு மொழியே தேவைப்படவில்லை.

பெரியவர் கொண்டுவந்த இரண்டு பெட்டை ஒட்டகமும் விலை போகவில்லை. 2012 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 4 லட்சம் ஒட்டகம் இருந்தது, 2019-ல் 2.5 லட்சம்தான். ராஜஸ்தான் அரசு ஒட்டகத்தை மாநில விலங்காக அறிவித்தது, 2015-ல் வெட்டுவதைத் தடுத்து, வெளி மாநிலத்துக்குக் கொண்டுபோவதையும் கட்டுப்படுத்தும் சட்டம் கொண்டுவந்தது. காப்பாற்றத்தான். ஆனால் வாங்க ஆள் குறைந்தால் மேய்ப்பவர் எதை நம்பி வளர்ப்பார்? பெரியவர் முகத்தைப் பார்த்த பிறகு எனக்கு இந்தக் கேள்விதான் மனசில் நின்றது.

அப்புறம் கோயில்கள். பிரம்மா சந்நிதியில் தரையெங்கும் பதித்த வெள்ளிக் காசுகள். பழைய ரங்கஜி கோயிலின் கோபுரத்தைப் பார்த்ததும் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார், அப்படியே நம் ஊர்ச் சாயல். தலபுராணம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. பிரம்மா இங்கே யாகம் செய்தபோது மனைவி சாவித்திரி வரத் தாமதமாக, முகூர்த்தம் தப்பக் கூடாதென்று இடையர் குலப் பெண்ணான காயத்ரியை மணந்து யாகத்தை முடித்தாராம். மேய்க்கிற குலத்துப் பெண்ணால் நிறைவேறிய யாகம் நடந்த ஊரில், மேய்க்கிறவர்கள் வந்து கூடுவதில் என்ன ஆச்சரியம்! சந்தை வேறு, தீர்த்தம் வேறு என்று பிரித்து வைத்திருந்தது நாங்கள்தான்.

ஏகாதசி விடியலில் படித்துறைக்குப் போனோம். ஏரியைச் சுற்றி 52 படித்துறை. தண்ணீர் சில்லென்று எலும்பு வரை ஏறியது. அம்மா மூன்று முழுக்குப் போட்டு, ரங்கநாதா என்று கண்ணை மூடி நின்றார். திரும்பினால் இரண்டு படி தள்ளி அதே பெரியவர், ஈரத் தலைப்பாகையோடு ஒரு பிளாஸ்டிக் கேனில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தார்.

“வீட்டில் இருக்கும் ஒட்டகங்கள் மேல் தெளிக்க” என்றார்.

அப்பா ஒன்றும் பேசாமல் அந்தக் கேனை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு படியேறினார். அம்மா தன் செம்பை அதே இடத்தில் முக்கி நிரப்பிக்கொண்டார்.