விழுந்தது மட்டும் நமக்கு

தோட்டத்து வாசலிலேயே பலகை: "மரத்திலிருந்து பறிக்கக் கூடாது. கீழே விழுந்த பழத்தைச் சாப்பிடலாம்." அக்கா வீட்டுக்காரர் அதை இரண்டு தடவை படித்தார். அதற்கப்புறம் மாமா தலை நிமிரவே இல்லை. புதுப்பெண்கூட அவ்வளவு குனிந்து நடந்திருக்க மாட்டாள்.

மேலேதான் அத்தனை அதிசயமும். ஜபுட்டிகாபா மரத்தில், கிளையெல்லாம் சும்மா இருக்க, அடிமரத்துப் பட்டையில் ஒட்டவைத்த மாதிரி கறுப்பு கறுப்பாகப் பழம். உதிர்ந்து கிடந்த ஆல்ஸ்பைஸ் மரத்து இலையைக் கசக்கி மோந்தேன். கிராம்பு, பட்டை, ஜாதிக்காய் மூன்றும் ஒரே இலையில். இத்தனை நாள் அதை ஏதோ மசாலாக் கலவை என்றே நினைத்திருந்தேன் (வெளியே சொல்லவில்லை).

வனிலாக் கொடியில் தோட்டக்காரர் ஒரு குச்சியால் பூவுக்குள் எதையோ நெம்பி, கட்டை விரலால் அழுத்தினார். பூ ஒரே நாள்தான் விரிந்திருக்குமாம், அதற்குள் முடித்துவிட வேண்டும். 1841-ல் ரீயூனியன் தீவில் எட்மண்ட் அல்பியஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன் கண்டுபிடித்த வழி, பூவுக்குக் கையாலேயே மகரந்தம் சேர்ப்பது.

"பன்னெண்டு வயசுப் பையன்! உங்களுக்கு ரோஜாச் செடிக்குத் தண்ணி ஊத்தத் தெரியல" என்று அக்கா திரும்பினால், ஆளைக் காணோம்.

நட்சத்திரப் பழ மரத்தடியில் நின்றிருந்தார். கால் மணி நேரமாகக் காற்றுக்குக் காத்திருக்கிறாராம். காற்றும் வந்தது, இலை விழுந்தது. "கால் வலிக்குது" என்று மரத்தில் சாய்ந்தார். கொஞ்சம் பலமாகவே சாய்ந்தார். இரண்டு தடவை.

"ஏங்க, பலகையில உலுக்கச் சொல்லி எழுதல."

கடைசியில் அதிசயப்பழச் செடியடியில் யோகம் அடித்தது. சின்னச் சிவப்புப் பழம். அதிலுள்ள மிராக்குலின் என்ற புரதம் நாக்கில் ஒட்டிக்கொண்டு, புளிப்பு பட்டால் இனிப்பு என்று பொய் சொல்லுமாம். அரை மணி, மிஞ்சினால் ஒரு மணி நேரம். "ஆனா அமிலம் அமிலம்தான், வயித்தை ஏமாத்த முடியாது" என்று தோட்டக்காரர் சொல்லி முடிப்பதற்குள் மாமா அதை வாயில் போட்டுக்கொண்டு எலுமிச்சை மரத்தடிக்குப் போய்விட்டார். அங்கே யாரும் சீண்டாமல் பழம் இறைந்து கிடந்தது.

கழுவிக் கழுவி, சுளை சுளையாக ஐந்து பழம். "தேன்டா! தேன்!" தாடையில் சாறு வழிய அக்காவுக்கும் ஒரு துண்டு நீட்டினார். அதிசயப்பழம் சாப்பிடாத அக்கா நம்பிக் கடித்தாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

திரும்பும்போது காரில் மாமா பையிலிருந்து ஆறாவது பழத்தை எடுத்தார். மணியைப் பார்த்தேன், ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. சொல்லலாமென்று வாயெடுத்தேன். அக்கா என் தொடையைக் கிள்ளினாள்.

"விழுந்ததுதானே, சாப்பிடுங்க."