டி.சி. இல்லாமல் வந்த பிள்ளை

குழந்தை உரிமைகள் குறித்துப் பயிற்சி வகுப்பு நடந்தால் எங்கள் பக்கம் ஆசிரியர்களைத்தான் அழைப்பார்கள். பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் என்னை யாரும் அழைத்ததில்லை. 1989-இல் ஐ.நா. சபை குழந்தை உரிமை உடன்படிக்கையை ஏற்றது, 1992-இல் இந்தியா அதில் இணைந்தது என்று அச்சிட்ட தாள்களோடு அவர்கள் திரும்பி வருவார்கள். தெரிந்திருக்க வேண்டியதுதான். ஆனால் தமிழ்நாட்டிலிருந்து போடிமெட்டு தாண்டிக் கேரளத்துக்கு வரும் பிள்ளை இங்கே முதலில் வந்து நிற்பது என் ஜன்னலுக்கு முன்னால். அங்கேயே திருப்பி அனுப்பிவிட்டால், பயிற்சி பெற்ற ஆசிரியரின் கண்ணில் அது படப்போவதே இல்லை.

உடும்பன்சோலை தாலுகாவில் ஆடி, ஆவணி வந்தால் ஏலக்காய் எடுப்பு சூடுபிடித்துவிடும். போடி, கம்பம் பக்கத்திலிருந்து காலையில் ஜீப்பில் வந்து மாலையில் இறங்குகிறவர்கள் பலர். குடும்பத்தோடு வந்து லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், தங்கிவிடுகிறவர்களும் உண்டு. பள்ளியோ ஜூனிலேயே திறந்துவிடுகிறது. ஆகவே இவர்களுடைய பிள்ளைகள் நடுவில்தான் வருகிறார்கள், பெரும்பாலும் டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) இல்லாமல். தமிழ்நாட்டுப் பள்ளி, அந்த மாநில மாணவர் பதிவுத் தளமான இ.எம்.ஐ.எஸ்.-இல் பெயரைக் காமன் பூலுக்கு, அதாவது பள்ளி மாறுகிறவர்களின் பொதுப் பட்டியலுக்கு, விடவேண்டும். நாங்கள் இங்கே கேரளத்தின் தளமான சம்பூர்ணாவில் ஏற்றவேண்டும். இரண்டு மாநிலத்துக் கணினிகளும் பேசி முடிக்கும்வரை பிள்ளை எங்கே இருக்கும்? ஏலத்தோட்டத்தில்தான்.

டி.சி. வாங்கி வாருங்கள் என்று சொல்வது எளிது. மலை இறங்கி ஏறினால் பிள்ளையின் தாய்க்கு ஒரு நாள் கூலி போய்விடும். தலைமையாசிரியர் அன்று இல்லையென்றால் இன்னொரு நாள் கூலியும் போகும். அதனால் அவள் போகமாட்டாள். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவை எழுதியவர் இதையெல்லாம் பார்த்திருப்பார் போலும். மாநிலத்துக்கு உள்ளேயோ வெளியேயோ, எந்தக் காரணத்துக்காக ஊர் மாறினாலும் வேறு பள்ளியில் சேரப் பிள்ளைக்கு உரிமை உண்டு, டி.சி. தாமதமாவதைக் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப்போடக் கூடாது. வயதுச் சான்று இல்லையென்று மறுக்கக் கூடாது என்கிறது 14-ஆம் பிரிவு. காலம் கடந்து வந்தாலும் சேர்க்க வேண்டும் என்கிறது 15. வயதைக் காட்ட அங்கன்வாடிப் பதிவு போதும். அதுவும் இல்லையென்றால் பெற்றோரின் எழுத்து உறுதிமொழி போதும். அதைத் தமிழில் நானே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்கிறேன்.

போன பருவத்தில் ஒரு பெண்பிள்ளை வந்தது. பத்து வயது. பிளாஸ்டிக் உறையில் ரேஷன் அட்டையும் மடிந்து கிழிந்த தடுப்பூசி அட்டையும் இருந்தன. மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது, மூன்றிலேயே போடுங்கள் டீச்சர் என்றாள் தாய். (சேலை கட்டிக்கொண்டு பள்ளியில் உட்கார்ந்திருக்கும் எல்லோரும் அவர்களுக்கு டீச்சர்தான்.) வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விடுபட்டதைத் தனிப் பயிற்சியால் ஈடுகட்ட வேண்டும் என்பதுதான் சட்டம். அதைச் சொல்வதற்கு முன் பிள்ளையிடம் கேட்டேன். அது தாயின் முகத்தைப் பார்த்தது. தாயைத் தலைமையாசிரியர் அறைக்கு அனுப்பிவிட்டு மறுபடி கேட்டேன். கணக்கு வரும், படிக்கத்தான் திக்கும், சின்னப் பிள்ளைகளோடு உட்கார வெட்கமாக இருக்கும் என்றது. பிறகு மெதுவாக, தம்பியை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டது. மூன்று வயதுத் தம்பி லயத்தில் இருக்கிறான். டி.சி. இருந்திருந்தாலும் இந்தப் பிள்ளை பத்து நாளில் நின்றிருக்கும். அங்கன்வாடி டீச்சருக்குப் போன் செய்து தம்பிக்கு இடம் சொல்லிவிட்டுத்தான் பதிவேட்டைத் திறந்தேன். ஐந்தாம் வகுப்பு, தமிழ் வழி.

வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது, அப்பா எங்கே, என்ன சாதி என்று சத்தமாகக் கேட்கிற வழக்கத்தையும் எங்கள் அலுவலகத்தில் நிறுத்திவிட்டோம். விண்ணப்பத்தை உள்ளே ஒரு நாற்காலியில் வைத்து நிரப்புகிறோம். இதற்குச் சுற்றறிக்கை தேவைப்படவில்லை, ஒரு நாற்காலிதான் தேவைப்பட்டது.

பயிற்சிக்கு அழைக்கப்படாதவர்களில் சமையற்காரம்மாவும் வண்டி ஓட்டுநரும் உண்டு. பிள்ளைகள் வகுப்பில் சொல்லாததை இவர்களிடம்தான் சொல்கின்றன. பிள்ளைகள்மீது பாலியல் குற்றம் நடந்ததாக அறிந்த எவரும் தெரிவித்தே ஆகவேண்டும் என்கிறது 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு. ஆசிரியர் மட்டும் என்று அதில் இல்லை. தெரிந்தும் மறைத்தால் ஆறு மாதம்வரை சிறை. மதிய உணவு முடிந்த ஒரு நாளில் சமையலறையிலேயே இதைச் சொன்னேன். நாம் சொன்னது பொய்யென்று ஆகிவிட்டால் நம்மைப் பிடிப்பார்களா என்று ஓட்டுநர் கேட்டார். நியாயமான பயம். நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர்மீது வழக்கு வராது என்று அதே பிரிவில் இருப்பதைப் படித்துக் காட்டினேன். குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அப்போதே தன் போனில் ஏற்றிக்கொண்டார். தன்னுடையது பட்டன் போன், எண்ணை நீயே போட்டுக் கொடு என்று சமையற்காரம்மா ஈரக்கையோடு என்னிடம் நீட்டினார்.