விசிலுக்குப் பிறகு எட்டு விநாடி

ஓணம், கிறிஸ்துமஸ் சமயத்தில் நம்ம குமரி மாவட்டத்தில் ராத்திரி விளக்கு கட்டி வாலிபால் போட்டி நடக்கும். அந்த கிரவுண்டுகளில் ஒரு காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். ஸ்கோர் 23-24. பயிற்சியில் பத்துக்கு எட்டு சர்வீஸ் உள்ளே போடுகிற பையன் கோட்டுக்குப் பின்னால் பந்தோடு நிற்கிறான். மைக்கில் வர்ணனை, ஒரு ஓரத்தில் சிங்காரி மேளம். விசில் அடித்த மறு நொடியே பந்தைத் தூக்கி அடிக்கிறான். நெட். செட் போச்சு.

விதிப்படி விசிலுக்குப் பிறகு 8 விநாடிக்குள் சர்வீஸ் போட வேண்டும். அந்த எட்டும் அவனுக்குச் சொந்தமான நேரம். அவன் எடுத்துக்கொண்டது ஒன்றோ இரண்டோதான். 1990-களின் கடைசி வரை பெரும்பாலான செட்களில் சர்வீஸ் தவறினால் சர்வீஸ் கைமாறும், அவ்வளவுதான். இப்போது ஒவ்வொரு தவறும் எதிரணிக்கு ஒரு புள்ளி. அதனால் பழைய ஆட்டக்காரர்கள் "சும்மா அடிடே, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லும் தைரியம் இன்றைய பையன்களுக்குப் பொருந்தாது.

அவசரம் ஏன் வருகிறது? பயம் வந்தால் உடம்பு அந்த இடத்தை விட்டுத் தப்பிக்கப் பார்க்கும். சீக்கிரம் அடித்துவிட்டால் அந்த அவஸ்தை முடிந்துவிடும். கால்பந்து பெனால்டிகளை ஆராய்ந்த நார்வேக்காரர் கேய்ர் யோர்டெட் கண்டதும் இதுவே: விசில் அடித்த உடனே ஓடி உதைப்பவர்கள் அதிகமாகத் தவறவிடுகிறார்கள். தூத்தூர், இரவிபுத்தன்துறை பக்கம் கடற்கரையில் பந்து உதைக்கும் பையன்களும் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

இன்னொரு காரணம், பதற்றத்தில் ஆட்டக்காரன் தன் கையையே கவனிக்கத் தொடங்குவது. முழங்கை சரியா, மணிக்கட்டு சரியா என்று பார்க்கிறான். ஆயிரம் தடவை போட்டுத் தானாக வந்துகொண்டிருந்த அசைவு துண்டு துண்டாகிவிடும். ஆராய்ச்சியாளர் ரிச்சர்ட் மாஸ்டர்ஸ் 1992-ல் இதைச் சோதித்து எழுதினார். மருந்து, கவனத்தை உடம்புக்கு வெளியே வைப்பது: எதிர்க் கோர்ட்டில் ஒரு இடத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொரு ஆராய்ச்சியாளர் ஜோன் விக்கர்ஸ் 1996-ல் கூடைப்பந்து ஃப்ரீ த்ரோவில் காட்டியது போல, தேர்ந்தவர்களின் பார்வை எறிவதற்கு முன் இலக்கில் கூடுதல் நேரம் அசையாமல் நிற்கும்.

சரி, எட்டு விநாடியை எப்படி நிரப்புவது. எங்கே போடுவது என்ற முடிவு விசிலுக்கு முன்பே எடுத்தாகிவிட வேண்டும். எதிரணியின் ஐந்தாம் இடத்துக்கா (பின்வரிசை இடது), ஒன்றாம் இடத்துக்கா (பின்வரிசை வலது), சர்வீஸை வாங்கி பாஸ் எடுக்கத் தடுமாறுகிற ஆளுக்கா என்று பந்து கைக்கு வரும்போதே தீர்மானம். விசில் அடித்ததும் ஒரு நீளமான மூச்சு வெளியே. பந்தை இரண்டு தட்டு. கண் இலக்கில். மனசுக்குள் ஒரே ஒரு சொல். டாஸ் (அடிக்கப் பந்தை மேலே தூக்கிப் போடுவது), அடி. போன் ஸ்டாப்வாட்சில் அளந்து பாருங்கள். ஐந்தரை விநாடிக்குள் முடிய வேண்டும். ஏழு விநாடி வரை இழுக்கிறவன் மேட்சில் ஒன்பதாக்கிவிடுவான், அதுவும் ஃபவுல். சர்வதேச விதியில் டாஸ் ஒன்றுதான்; சரியில்லை என்று பந்தை விட்டுவிட்டு மறுபடி தூக்க முடியாது. அதனால் இந்த வரிசையில் அதிகமாகப் பழக்க வேண்டியது டாஸ்தான்.

அந்த ஒரு சொல் எதுவாக இருக்க வேண்டும்? "ஜெயிப்பேன்" பயன்படாது. அசைவைத் தொடங்கிவைக்கிற சொல் வேண்டும்: "தூக்கி", "நேரா", "அந்த மூலை". பெஞ்சில் இருந்து "லேய் மக்கா, நெட்ல அடிச்சிராத!" என்று கத்துகிற கோச்சுகளுக்கும் இதைச் சொல்லியாக வேண்டும். 1987-ல் உளவியலாளர் டேனியல் வெக்னர் ஆட்களிடம் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்றார். அவர்களுக்குக் கரடியேதான் வந்தது. நெட் என்று சொன்னால் நெட்தான் மனசில் நிற்கும். "பின் மூலைக்குப் போடு மக்கா" என்றால் கண் அங்கே போகும். ஒரு வாக்கியத்தை மாற்றுவதற்கு காசு செலவில்லை, தயவுசெய்து மாற்றுங்கள்.

மூச்சில் பெரும்பாலானோர் தவறு செய்கிறார்கள். "டீப் பிரீத் எடு" என்றால் பெரிது பெரிதாக, வேகமாக நாலைந்து தடவை இழுக்கிறார்கள். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து தலை கிறுகிறுக்கும், விரல் நுனி மரத்தது போலாகும். டாஸ் போட வேண்டிய விரல்! இதயத் துடிப்பைத் தணிப்பது வெளிமூச்சு. வீட்டில் தினமும் ஐந்து நிமிடம், நாலு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே. நிமிடத்துக்கு ஆறு மூச்சு. கோர்ட்டில் இதில் ஒரே ஒரு வெளிமூச்சு போதும். தினமும் செய்தவனுக்கு அந்த ஒன்றே வேலை செய்யும், மேட்ச் அன்று புதிதாகத் தொடங்குகிறவனுக்குச் செய்யாது.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆனி, ஆடி மாதங்களில் வீசும் காற்று முப்பந்தலில் காற்றாலைகளையே சுழற்றுகிறது. தோவாளைப் பக்கத்துத் திறந்தவெளி கோர்ட்டில் பந்தை விட்டுவைக்குமா? "காத்து சரியில்ல" என்று புலம்பும்போது மனசு நம் கையில் இல்லாத ஒன்றின் மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது. செட் முடிந்தால் பக்கம் மாறும், இரு அணிக்கும் ஒரே காற்றுதான். "இப்படி வந்தால் இப்படி" என்று இரண்டு வரி முன்கூட்டியே எழுதி வையுங்கள். காற்று முகத்தில் அடித்தால்: டாஸைத் தாழ்த்தி, ஃப்ளோட்டை (சுழலாமல் போகும் சர்வீஸ்) வலுவாக, பந்து ஆடிக்கொண்டே போய் விழும். முதுகில் அடித்தால்: இலக்கை நெட் பக்கமாக இரண்டு அடி முன்னால் எடுத்து, மேல் சுழற்சி கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் அவுட். கோட்டுக்குப் பின்னால் நின்று யோசிக்கத் தேவையில்லை.

ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்து கோர்ட் சேறாகிக் கிடக்கும் நாட்கள் மனக்காட்சிப் பயிற்சிக்கு நல்லவை. படுத்துக்கொண்டு கண்ணை மூடிக் கோப்பையை நினைப்பது பயிற்சியாகாது. ஷூ போட்டு, கையில் பந்தோடு திண்ணையில் நின்று, விசிலில் தொடங்கி அடி முடியும் வரை உண்மையான வேகத்திலேயே ஓட்டுங்கள். விளக்கு வெளிச்சம், மேளச் சத்தம், உள்ளங்கை வியர்வை எல்லாம் இருக்கட்டும். பத்து சர்வீஸ், மூன்று நிமிடம். கற்பனையிலும் பந்து நெட்டில்தான் விழுகிறது என்றால் டாஸில் நிறுத்தி, மெதுவாக்கி, மறுபடி. அப்படியும் சரியாகவில்லை என்றால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். தவறையே ஒத்திகை பார்த்துவிடக் கூடாது.

மழை விட்டதும், பயிற்சியின் கடைசியில், களைத்திருக்கும்போது ஒவ்வொருவருக்கும் 23-24 என்று சொல்லி ஒரே ஒரு சர்வீஸ். ஸ்பீக்கரில் பழைய மேட்சின் மேளத்தை அலறவிடுங்கள். தவறவிட்டவன் நெட் மடிக்கட்டும், அது போதும். பத்து ரவுண்டு ஓடவிட்டால் தவறுக்குப் பயப்படுவதைத்தான் கற்றுக்கொடுக்கிறோம் என்பது என் உறுதியான கருத்து.

இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்று நினைப்பவர்கள் நம்ம ஊர் கோயில் கொடையில் வில்லுப்பாட்டு தொடங்குவதைக் கவனியுங்கள். வீசுகோல் வில்லில் விழ, உடுக்கையும் குடமும் சேர, காப்பு பாடிய பிறகுதான் கதை. எந்த ஊர் மேடையானாலும் தொடக்கம் மாறாது; குரலும் கையும் அதற்குள் பதமாகிவிடும். அடிமுறை என்கிற நம்ம ஊர் தற்காப்புக் கலையில், களரியில் இறங்கும் முன் வணக்கம் செய்வதும் அந்த வழக்கம்தான். அரங்கேற்றத்துக்கு நடுங்கும் பிள்ளைகளுக்கும் இப்படி மாறாத ஒரு தொடக்கம் வேண்டும்.

போட்டிக்குப் பல நாட்களுக்கு முன்பே தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல், ஆட்டத்தை நினைத்தாலே மூச்சு முட்டுகிற பிள்ளைக்கு இந்த வரிசை போதாது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு இலவசமாக, தமிழிலேயே பேசலாம். பெற்றோர் தயங்காதீர்கள்.

கடைசியாக ஒரு நாற்பது பக்க நோட்டு. மேட்ச் முடிந்ததும் ஒவ்வொரு சர்வீஸுக்கும் இரண்டு குறி: வரிசை முழுதாக வந்ததா, பந்து உள்ளே போனதா. ஐந்தாறு மேட்ச் கழித்துக் கூட்டிப் பாருங்கள். வரிசை எங்கே அறுந்தது என்றும் எழுதுங்கள். பெரும்பாலும் மூச்சை விட்டுவிட்டு நேராகப் பந்து தட்டப் போயிருப்பீர்கள். அடுத்த வாரப் பயிற்சியை அங்கிருந்து தொடங்குங்கள்.