மாமியோடு கொழும்பில்: ஜூலை நாட்குறிப்பு

ஜூலை 4, வெள்ளி

மாமி யாழ்ப்பாணத்திலிருந்து வந்துவிட்டார். கண் கிளினிக் செவ்வாய்க்கிழமை. அதன் பிறகு ஒரு கிழமை கழித்து மருந்தைப் பார்த்து முடிவு சொல்வார்களாம். நடுவில் இத்தனை நாட்களும் சும்மா.

எங்கள் ஆட்களுக்குக் கொழும்பு என்றால் வெள்ளவத்தைதான். இரவு பஸ்ஸில் வந்து இறங்குவது, கடவுச்சீட்டு, வைத்தியர், கலியாணச் சேலை, மறுபடி இரவு பஸ். மாமி நாற்பது வருடமாக இப்படித்தான் வந்து போகிறார். சரித்திர ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர் என்றாலும், இந்த நகரத்தில் அவருக்கு மனப்பாடம் காலி வீதியின் ஒரு மைல் மட்டும்.

"காலிமுகத்திடல் வேண்டாம், பார்த்தாயிற்று. தாமரைக் கோபுரமும் வேண்டாம். உயரத்தில் நின்று பார்த்தால் எல்லா ஊரும் ஒன்றுதான், பிள்ளை" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். எனக்கும் அதே எண்ணம்தான். நாளொன்றுக்கு ஓரிடம், வெயில் ஏறும் முன் வீடு திரும்புவது என்று பேசிக்கொண்டோம். முழங்கால் அவருடையது, அவசரம் என்னுடையது. அதனால் அவர் வேகத்துக்கே போவதென்று தீர்மானம்.

ஜூலை 5, சனி

தேசிய நூதனசாலை. பிள்ளைகள் பாடசாலைச் சுற்றுலாவில் வந்து சிம்மாசனத்தைப் பார்த்துவிட்டு ஓடும் இடம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 1877இல் திறந்த வெள்ளை மாளிகை, வாசலில் விழுது விட்ட ஆலமரங்கள். கட்டியவர் வாப்பிச்சி மரைக்கார் என்ற சோனகர். ஆளுநர் கிரகரியின் சிலை முன்னால் நிற்கிறது. மரைக்காருக்கும் ஒன்று வைத்திருக்கலாம் என்பது மாமியின் கட்சி.

கண்டிச் சிம்மாசனத்தின் முன் வழக்கம்போலக் கூட்டம். 1693இல் ஒல்லாந்தர் கொடுத்தது, 1815இல் இங்கிலாந்துக்குப் போய் 1934இல் திரும்பியது. அதில் கடைசியாக அமர்ந்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூர்ச் சிறையில் 1832இல் இறந்தான். அதைத் தாண்டிப் போனோம்.

மாமி நின்றது மும்மொழிக் கல்வெட்டின் முன். சீனக் கடலோடி செங் ஹே கொண்டுவந்த கல் இது. 1409ஆம் ஆண்டு பொறித்தது. 1911இல் காலியில் ஒரு மதகை மூடிக் கிடந்தபோது கண்டெடுத்தார்கள். ஐந்நூறு வருடத்துச் சரித்திரத்தின்மேல் வண்டிகள் போயிருக்கின்றன. உச்சியில் இரண்டு டிராகன்கள். வலப்பக்கம் சீனம், இடப்பக்கம் மேலே தமிழ், அதன் கீழே பாரசீகம். நேரே நின்றால் கருங்கல் மட்டும்தான் தெரிகிறது. பக்கவாட்டில் சாய்ந்து நின்றால் வெளிச்சம் பட்டு எழுத்துகள் ஒவ்வொன்றாக மேலெழும்புகின்றன. சீனத்தில் புத்தருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும், தமிழில் தென்னாவரை நாயனாருக்கும் காணிக்கை. அதாவது தெவிநுவரையில் கோயில் கொண்டிருந்த திருமாலுக்கு. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று பட்டியலும் உண்டு.

"முப்பது வருடம் இதைப் படிப்பித்தேன். இன்றைக்குத்தான் கண்ணால் பார்க்கிறேன்" என்றார் மாமி. கண் கிளினிக்குக்கு வந்தவர் சொன்னபடியால் எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

பொலன்னறுவைச் சிவன் கோயில்களில் கிடைத்த வெண்கலங்களையும் தவறவிடக் கூடாது. நடராசரைப் பார்க்கும் ஆட்கள் சுந்தரரைப் பார்க்காமலே நகர்ந்துவிடுகிறார்கள். கொஞ்சம் ஒருக்களித்து, கைகளை உயர்த்தி, இப்போதுதான் யாரோ கூப்பிட்டதுபோல நிற்கிறார். மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார். காவலாளி பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

புறக்கோட்டைப் பக்கம் போவதென்றால் ஞாயிற்றுக்கிழமைதான் போக வேண்டும். மற்ற நாட்களில் மூட்டை தூக்குபவர்களுக்கு வழிவிட்டே நேரம் போய்விடும். இன்று பெரிய கடைகள் பாதிக்கு மேல் பூட்டு. கட்டடங்களின் மேல்மாடியை அண்ணாந்து பார்க்க முடிந்தது.

வூல்வெண்டால் தேவாலயத்துக்கு மேட்டில் ஏற வேண்டும். ஓட்டோவில் போனோம். 1749இல் ஒல்லாந்தர் அடிக்கல் நாட்டி, 1757இல் வழிபாட்டுக்குத் திறந்தது. சுவர் ஏறக்குறைய ஐந்தடிக் கனம். உள்ளே நுழைந்ததும் வெயில் வெளியிலேயே நின்றுவிடுகிறது. நடக்கிற தரையே கல்லறைக் கற்கள்தான். கோட்டைக்குள் இருந்த பழைய தேவாலயத்திலிருந்து 1813இல் இங்கே கொண்டுவந்தவையும் அவற்றில் உண்டு. குலச் சின்னங்கள், மண்டையோடு, மணற்கடிகாரம் எல்லாம் ஆழமாகச் செதுக்கியிருக்கிறார்கள். மாமி செருப்பைக் கழற்றிவிட்டுக் கற்களின் ஓரமாகவே நடந்தார். யாழ்ப்பாணக் கோட்டைக்குள் 1706இல் கட்டிய ஒல்லாந்தர் தேவாலயம் ஒன்று இருந்தது. மாமி மாணவியாக அதற்குள் போயிருக்கிறார். போரில் அது கற்குவியலாகிவிட்டது. "இப்படித்தான் இருந்தது, இதைவிடப் பெரிது" என்று மட்டும் சொன்னார்.

அங்கிருந்து கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில். தந்தை பொன்னம்பல முதலியார் கட்டியதை, சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907இல் தொடங்கி 1912 வரை முழுக்கக் கருங்கல்லில் எடுத்துக் கட்டினார். பளபளக்கும் வர்ணக் கோபுரங்களுக்குப் பழகிய கண்ணுக்கு முதலில் ஒன்றுமே தெரியாது. தூண்கள் கறுப்பு, கூரை கறுப்பு, எண்ணெய் விளக்கின் மஞ்சள் மட்டும். இரண்டு நிமிடம் பொறுத்தால் தூணில் இருக்கும் யாளி தெரிய ஆரம்பிக்கிறது. கொழும்பில் ஒரே ஒரு கோயிலுக்குத்தான் நேரம் உண்டென்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

பக்கத்திலேயே அந்தோனியார் கோயில். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புக்குப் பிறகு திருத்திக் கட்டியது. செவ்வாய்க்கிழமைகளில் சைவர்களும் அங்கே வரிசையில் நிற்பார்கள். மாமியும் ஒரு மெழுகுதிரி ஏற்றினார், கண்ணுக்காக.

ஜூலை 8, செவ்வாய்

கிளினிக். முழுநாளும் வாங்கில் உட்கார்ந்திருந்தோம். மழை.

ஜூலை 9, புதன்

கோட்டே. "நாடாளுமன்றம் இருக்கும் ஊர்தானே, அங்கே என்ன?" என்று கேட்டவர், செண்பகப் பெருமாள் இருந்த ஊர் என்றதும் எனக்கு முன்னால் வாசலில் நின்றார். கோட்டே இராசதானியை ஆண்ட ஆறாம் பராக்கிரமபாகுவின் வளர்ப்பு மகனான செண்பகப் பெருமாள், கோட்டேயிலிருந்து படை கொண்டுபோய் 1450இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தான். பிறகு இங்கே திரும்பி ஆறாம் புவனேகபாகு என்ற பெயரில் முடி சூடினான். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் கட்டியத்தில் இன்றைக்கும் புவனேகபாகுவின் பெயர் வருகிறது. அது இவன்தான் என்பார் சிலர், வேறொருவன் என்பார் சிலர். மாமி முதற்கட்சி. விவாதிக்க நான் தயாராக இல்லை.

அந்த இராசதானியில் இன்று மிச்சம் கொஞ்சம்தான். வீடுகளுக்கு நடுவே அகழியின் துண்டு, மதிலின் துண்டு. பெத்தகான வெஹெரகந்தவில் செம்பூராங்கல் மேடைகள் இரண்டு, அவற்றின்மேல் பழைய தாதுகோபங்களின், அதாவது புத்த தூபிகளின், எச்சம். தேடிப் போனால்தான் கிடைக்கும்.

அருகிலுள்ள பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்குத் தேட வேண்டியதில்லை. டிக்கெட் எடுத்து உள்ளே போனால் சதுப்பின்மேல் மரப்பலகை நடைபாதை. முழங்கால் நோவுக்காரருக்கு இதைவிடச் சமதரை கொழும்பில் கிடைக்காது. காலை ஏழரைக்கு நீலத் தாழைக்கோழி ஒன்று நீளக் காலை உதறி உதறி, ஆம்பல் இலைமேல் நடந்துபோனது. கபரகொய்யா என்ற நீர் உடும்பு ஒன்று பலகைக்குக் கீழே அசையாமல் கிடந்தது. நாக்கு மட்டும் வந்து வந்து போனது. 2018இல் கொழும்புக்கு ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது இப்படிப்பட்ட சதுப்புகளால்தான். பெருமழை பெய்தால் வெள்ளத்தை வாங்கி வைத்துக்கொள்வதும் இவைதான். நிரப்பிக் கட்டிய இடங்களில் தண்ணீர் எங்கே போகிறதென்று தாழ்நிலத்துக் குடியிருப்பாளர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

தொப்பி, தண்ணீர், நுளம்பு எண்ணெய் மூன்றும் வேண்டும். ஒன்பதரைக்கு மேல் பறவைகள் இல்லை, வெயில்தான்.

ஜூலை 10, வியாழன்

எசலப் போயா, பௌர்ணமி விடுமுறை. எங்கும் கூட்டம் என்று வீட்டில் இருந்தோம். மாமி கத்தரிக்காய்க் குழம்பு வைத்தார்.

ஜூலை 12, சனி

களுத்துறை. வெள்ளவத்தையிலேயே ரயில் ஏறலாம், கோட்டை ரயில் நிலையம் வரை போகத் தேவையில்லை. தெற்கே போகும்போது வலப்பக்க ஜன்னல், திரும்பும்போது இடப்பக்கம். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம் என்பதால் கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. கல்கிசை வரும் முன்பே கண்ணாடியில் உப்புத் தூறல். மொறட்டுவை, பாணந்துறை, வாத்துவை என்று ரயில் எல்லா இடத்திலும் நின்று நின்று போகும். அதுவும் நல்லதுதான், வடைக்காரர் ஏறுவார்.

களுகங்கைப் பாலம் தாண்டியதும் போதி, பௌத்தர்கள் வணங்கும் அரசமரம். காலி வீதியில் போகும் பஸ் சாரதிகள்கூட நிறுத்தி, உண்டியலில் காசு போட்டுவிட்டுத்தான் போகிறார்கள். வீதியின் மறுபக்கத்தில் வெள்ளைத் தாதுகோபம். மற்ற இடங்களில் தாதுகோபத்தைச் சுற்றத்தான் முடியும், இதற்குள்ளே போகலாம். நடுவே சிறிய தாதுகோபம் ஒன்று, சுற்றுச் சுவரில் புத்தர் கதை ஓவியங்கள், சாளரங்களுக்கு வெளியே ஆறு. மாமி இருமியது குவிமாடம் முழுக்கச் சுற்றி வந்தது. பிறகு அவர் வாய் திறக்கவே இல்லை.

வெளியே மங்குஸ்தான் காலம். களுத்துறை மங்குஸ்தானுக்குப் பெயர்போன ஊர். விற்ற அம்மா ஒன்றைக் கவிழ்த்துக் காட்டினார். அடியில் பூவிதழ்போல ஒரு முத்திரை இருக்கும். அதில் எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை. அழுத்தினால் தோல் கொஞ்சம் இணங்க வேண்டும், கல்லாக இருந்தால் வேண்டாம். மாமி ஒவ்வொரு பழத்தையும் கவிழ்த்து எண்ணித் தெரிந்தெடுத்தார். சுளை கூடக்கூட விதை குறைவாக இருக்கும் என்பதால் ஏழிதழுக்குக் குறைந்ததைத் தொடவில்லை. பின்னால் நின்றவர்கள் பொறுமை இழந்ததை நான் பார்க்காததுபோல நின்றேன். தோலின் சாறு சேலையில் பட்டால் போகாது, வெள்ளை உடுத்திப் போகாதீர்கள்.

அடுத்த கிளினிக் செப்டம்பரில் இருக்கலாம். அப்போது நீர்கொழும்பு என்று மாமி இப்போதே சொல்லிவிட்டார். முத்துராஜவெலச் சதுப்பில் காலைப் படகு, கடற்கரைத் தெருக் கோயில்கள், பிறகு மீன்சந்தை. மீனை ரயிலில் எப்படிக் கொண்டுவருவதென்றுதான் எங்களுக்குள் இன்னும் இழுபறி.