நில்எஃப்எஸ்2-இல் நெல் கணக்கு: ஒரு போகம் ஓட்டிப் பார்த்த அனுபவம்

குறுவை நடவிலிருந்து எங்கள் வயல் கணக்கு முழுவதும் நில்எஃப்எஸ்2 என்ற லினக்ஸ் கோப்பு முறைமை போட்ட பார்ட்டிஷனில்தான் (வட்டில் தனியாகப் பிரித்த பகுதி) ஓடுகிறது. ஒரு போகம் பார்த்தாயிற்று, இப்போது எழுதலாம்.

கணக்கு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மேட்டூர் நீர்மட்டம், மூணாறு தலைப்பில் (வெண்ணாறு பிரியும் இடம்) பாமணியாற்றுக்கு எப்போது தண்ணீர் விட்டார்கள், எங்கள் வாய்க்காலுக்கு முறை எந்த நாள் வந்தது, நடவு ஆள் கூலி, உரம், கொள்முதல் நிலையத்தில் போட்ட 40 கிலோ மூட்டைகள், அன்றைக்கு மீட்டர் காட்டிய ஈரப்பதம், இவ்வளவுதான். இதில் நானும் எழுதுகிறேன், சித்தப்பாவும் எழுதுகிறார். ஒரே லேப்டாப். பழைய பதிப்புகளைச் சேர்த்து வைக்கும் கிட் மென்பொருளைப் போட்டு, ஒவ்வொரு தடவையும் கமிட் அடியுங்கள் (மாற்றத்தைப் பதிவு செய்யுங்கள்) என்று அவரிடம் சொல்வது நடக்காத காரியம். அவர் பாட்டுக்கு சேமித்துவிட்டு எழுந்து போக வேண்டும், பழசு தானாகத் தங்க வேண்டும். அப்படி ஒரு கோப்பு முறைமையைத் தேடித்தான் இங்கே வந்து சேர்ந்தேன்.

இது ஜப்பானின் என்டிடி ஆய்வகத்தில் உருவானது. 2009-இல் வந்த லினக்ஸ் 2.6.30 முதல் கெர்னலிலேயே இருக்கிறது. டெபியனில் நில்ஃப்ஸ்-டூல்ஸ் பொதியை நிறுவினால் கட்டளைகள் எல்லாம் வந்துவிடும். தரவு ஏற்கெனவே இருக்கும் பிளாக்கின் (வட்டின் சிறு கட்டம்) மேல் இது எழுதவே எழுதாது. கணக்கு நோட்டில் பழைய வரியை அடிக்காமல் அடுத்த வரியில் எழுதுவதைப் போல, மாற்றங்கள் வட்டின் காலியிடத்தில் வரிசையாக விழுகின்றன. எழுத்து நடக்கும்போது சில விநாடிக்கு ஒரு செக்பாயிண்ட், அதாவது அந்த நேரத்து வட்டின் நிலை, பதிவாகிறது. நடுவில் கரண்ட் போனாலும், அடுத்து மவுண்ட் ஆகும்போது (வட்டைப் புழக்கத்துக்கு இணைக்கும்போது) கடைசி நல்ல நிலையிலிருந்து எழுந்துகொள்ளும். ஐப்பசி மழையில் மின்சாரம் வருவதும் போவதுமாக இருக்கும் ஊரில், பேட்டரி செத்த லேப்டாப்புக்கு இது பெரிய ஆறுதல்.

தினமும் புழங்குவது நாலே நாலு கட்டளை. எல்எஸ்சிபி பட்டியலைக் காட்டும், எம்கேசிபி புதிதாக ஒன்றை உருவாக்கும், சிஎச்சிபி வகையை மாற்றும், ஆர்எம்சிபி அழிக்கும். பட்டியலில் ஒவ்வொரு செக்பாயிண்டுக்கும் ஒரு வரி: எண், தேதி, நேரம், அப்புறம் வகை. வகையில் சிபி என்று இருந்தால் சாதாரண செக்பாயிண்ட், பிற்பாடு துப்புரவில் போய்விடக்கூடும். எஸ்எஸ் என்று இருந்தால் ஸ்னாப்ஷாட், நாமாக விடுவிக்கும்வரை இருக்கும்.

இதன் அருமை அறுவடைக் கணக்கில் தெரிந்தது. சித்தப்பா விரிதாளில் தேதிப் பத்தியை மட்டும் தேர்வு செய்து வரிசைப்படுத்தி, சேமித்து, மூடிவிட்டார். காலையில் திறந்தால் நடவுக் கூலிக்கு நேராக அறுவடைத் தேதி, மூட்டை ஏற்றிய வரிக்கு நேராக ஆனி மாதத் தேதி. "எல்லாம் போயிடுச்சாப்பா?" என்று கேட்டார். "போகல சித்தப்பா, உள்ளதான் இருக்கு. செத்த இருங்க" என்று டெர்மினலைத் திறந்தேன்.

எல்எஸ்சிபியோடு ஆர் விருப்பத்தைச் சேர்த்தால் புதியது முதலில் வரும். கோப்பு கடைசியாகச் சேமிக்கப்பட்ட நேரத்தைப் பார்த்து, அதற்கு முந்தைய வரியின் எண்ணைக் குறித்துக்கொண்டேன். சாதாரண செக்பாயிண்டை நேரடியாக மவுண்ட் செய்ய முடியாது. முதலில் சிஎச்சிபி எஸ்எஸ் என்று அந்த எண்ணைக் கொடுத்து ஸ்னாப்ஷாட் ஆக்க வேண்டும். பிறகு மவுண்ட் கட்டளையில் வாசிக்க மட்டும் என்ற விருப்பத்தோடு அதே எண்ணைக் கொடுத்தால், முந்தின நாள் வட்டு அப்படியே தனி அடைவாகத் திறக்கிறது. இன்றைய வட்டும் பக்கத்திலேயே எழுதக்கூடிய நிலையில் இருக்கிறது. இரண்டு விரிதாள்களையும் அருகருகே வைத்து, தேதிப் பத்தியை மட்டும் எடுத்து ஒட்டினோம். அதற்குப் பின் அவர் சேர்த்திருந்த வரிகள் ஒன்றுகூடக் கெடவில்லை.

பட்டியல் கண்ணுக்கு அடங்குகிற அளவில் இருந்தால்தான் இப்படித் தேட முடியும். பிரவுசர், தற்காலிகக் கோப்புகள் எதையும் இந்தப் பார்ட்டிஷனில் வைக்காதீர்கள். வெறுமனே படித்தால் செக்பாயிண்ட் விழாது, ஏனென்றால் அணுகல் நேரத்தை இது பதிவதே இல்லை. ரசீதுப் படங்களை லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைமையான எக்ஸ்ட்4-க்கே திருப்பி அனுப்பிவிட்டேன். மாறாத கோப்புக்கு வரலாறு எதற்கு?

துப்புரவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நில்எஃப்எஸ் கிளீனர் என்ற பின்னணி நிரல் பழைய செக்பாயிண்டுகளைக் கழித்து இடத்தை மீட்கிறது. பாதுகாப்புக் காலம் (செக்பாயிண்டை அது தொடாமல் விடும் நேரம்) இயல்பாக 3600 விநாடி, அதாவது ஒரு மணி நேரம். காலியான செக்மெண்டுகள் (வட்டைப் பிரித்த துண்டுகள்) 10 சதவீதத்துக்குக் கீழே போனால் வேலையைத் தொடங்கும், 20-ஐ எட்டினால் ஓயும். வட்டில் இடம் தாராளமாக இருந்தால் பழசு வெகுநாள் தங்கும். ஆனால் அதை நம்பி உட்காரக் கூடாது. அமைப்புக் கோப்பில் பாதுகாப்புக் காலத்தை 604800 என்று, ஒரு வாரத்துக்கு, ஏற்றி வைத்திருக்கிறேன்.

அதனால் எது தங்க வேண்டும் என்பதை நாம்தான் முடிவு செய்தாக வேண்டும். எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதியே அதுதான். மேட்டூர் திறந்த அன்று (வழக்கப்படி ஜூன் 12), நடவு முடிந்ததும், கொள்முதல் ரசீது கைக்கு வந்ததும், இந்த மூன்று இடத்திலும் எம்கேசிபியோடு எஸ் சேர்த்து ஸ்னாப்ஷாட்டாகவே எடுத்துவிடுகிறோம். குறை என்னவென்றால் ஸ்னாப்ஷாட்டுக்குப் பெயர் வைக்க வழியில்லை, வெறும் எண்தான். எண்ணும் காரணமும் கொண்ட ஒரு உரைக் கோப்பைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் அடுத்த போகத்தில் எந்த எண் எதற்கு என்று யாருக்கும் தெரியாது.

அழிக்கும்போது முதலில் மவுண்டைக் கழற்றி, சிஎச்சிபி சிபி கொடுத்து, அதன் பிறகே ஆர்எம்சிபி. இடம் உடனே திரும்பாது, கிளீனர் ஓடிய பிறகுதான் திரும்பும். இன்னொன்று, வட்டே செத்தால் வரலாறும் சேர்ந்தே போகும். ஸ்னாப்ஷாட்டை மவுண்ட் செய்து அதிலிருந்து ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி மூலம் வேறு வட்டுக்கு நகல் எடுக்கிறேன். சித்தப்பா அந்த நேரத்தில் தட்டிக்கொண்டிருந்தாலும் நகல் கலையாது.

இப்போது ஸ்னாப்ஷாட் எடுத்து, அதன் எண்ணையும் காரணத்தையும் குறிப்புக் கோப்பில் சேர்க்கும் ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். எம்கேசிபிக்கு ரூட் (நிர்வாகி) அனுமதி வேண்டும் என்பதால், அதைத் தற்காலிகமாகத் தரும் சூடோவில் அந்த ஒரு கட்டளைக்கு மட்டும் சித்தப்பாவின் கணக்குக்கு அனுமதி கொடுத்தாயிற்று. காரணத்தைத் தமிழில் தட்டச்சு செய்யும் சிறு பெட்டி மட்டும்தான் பாக்கி. சம்பாவுக்கு நாற்று விடுவதற்குள் முடித்துவிடுவேன்.