யானைத் தந்தத்துக்குக் கீழே ஒரு பூனை

மாமல்லபுரம், அர்ச்சுனன் தபசு பாறைச் சிற்பம். காலையிலேயே நல்ல கூட்டம். எல்லாக் கைபேசிகளும் பெரிய யானையைத்தான் குறிவைத்திருந்தன.

ஒரு சிறுமி மட்டும் தந்தத்துக்குக் கீழே கை காட்டினாள். "அப்பா, பூனை ஹேண்ட்ஸ் அப் பண்ணுது!"

சரியாகத்தான் பார்த்திருக்கிறாள். பின்னங்கால்களில் நிமிர்ந்து, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கி நிற்கிறது பூனை. சுற்றிலும் எலிகள்.

அப்படியே பாறையின் நடுப்பிளவுக்கு இடப்பக்கம், மேலே பாருங்கள். ஒற்றைக்காலில், விலா எலும்பு தெரிய, கை தூக்கி நிற்கும் தவசி. அதே தோரணை! 7ஆம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பிக்குக் குசும்பு கொஞ்சம் அதிகம்.

வெறும் நையாண்டி மட்டுமா?

மகாபாரதத்தின் உத்தியோக பருவத்தில் துரியோதனன் ஒரு வசைக்கதை சொல்லி அனுப்புகிறான். கங்கைக் கரையில் கை தூக்கித் தவவேடம் போட்டதாம் ஒரு பூனை. நம்பி வந்த எலிகளைத் தின்றே கொழுத்ததாம். தருமா, நீயும் அப்படித்தான் என்கிறான். நம் ஊர் ருத்திராட்சப் பூனையேதான்.

பூனை நிற்பது கங்கைக் கரை என்றால் பக்கத்துப் பிளவு கங்கை. பிளவுக்குள் நாகர்கள் இருக்கிறார்கள். உச்சியில் நீர் தேக்கிய தொட்டியின் தடயமும் உண்டு. அப்போது தவசி அர்ச்சுனன் அல்ல, கங்கையைப் பூமிக்குக் கொண்டுவரத் தவமிருந்த பகீரதன்.

ஆனால் வசை பாண்டவர்மீது அல்லவா? பூனை மறுபடி அர்ச்சுனன் பக்கம் தாவிவிடுகிறது.

போகிறவர்கள் காலையில் போங்கள். கிழக்கு பார்த்த பாறை. பிற்பகல் நிழலில் எலிகள் கண்ணுக்குச் சிக்காது.